ஒரே ஒரு நாள்: லண்டனில் விக்டோரியா காலத்து வேலைப்பாட்டை எங்கே பார்ப்பது?

என் அத்தை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்து, மாயவரத்தில் முப்பது வருஷம் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் மகள் வீட்டுக்கு லண்டன் பக்கம் வந்திருந்தார். ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது எனக்கு போன். "எனக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குடா. அரண்மனை வாசல்ல நின்னு போட்டோ எடுக்கிறதெல்லாம் ஆயிடுச்சு. அந்த விக்டோரியா ராணி காலத்து வேலைப்பாடெல்லாம் எங்கே நல்லா இருக்கோ அங்கே கூட்டிட்டுப் போ." கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: முழங்கால் இரண்டும் தேய்மானம், ஒரே மூச்சில் ரொம்ப நேரம் நடக்க முடியாது, நடுவில் உட்கார இடம் வேண்டும், காபி வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். விக்டோரியா 1837 முதல் 1901 வரை ஆண்டவர். அந்த அறுபத்து மூன்று சொச்சம் வருஷத்தில் இந்த ஊர்க்காரர்கள் கட்டியதும் வரைந்ததும் நெய்ததும் சுட்டதும் எந்தத் தெருவில் திரும்பினாலும் இருக்கிறது. அதில் எதைக் காட்டுவது? தேடிப் பார்த்ததில் நான்கு இடங்கள் மிஞ்சின. தென் கென்சிங்டனில் இருக்கும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் (இங்கே எல்லாரும் வி அண்ட் ஏ என்பார்கள்), ஹாலந்து பார்க் பக்கம் லெய்டன் ஹவுஸ், வால்தம்ஸ்டோவில் வில்லியம் மாரிஸ் கேலரி, மில்பேங்கில் டேட் பிரிட்டன். நாலுக்கும் நான் தனித்தனியாகப் போனவன்தான், ஆனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்ததில்லை. அத்தைக்காகப் பார்த்தேன். உங்கள் வீட்டுக்கும் யாராவது இப்படி வந்து நின்றால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் டேட் பிரிட்டனைச் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் முதலில் கழித்தது அதைத்தான். இடம் மட்டமில்லை. சர்க்கரை வியாபாரத்தில் பணம் சேர்த்த ஹென்றி டேட் கொடுத்த படங்களோடும் பணத்தோடும், பழைய மில்பேங்க் சிறைச்சாலை இருந்த மனையில் 1897-ல் திறந்தது. உள்ளே போகக் காசில்லை. ஓவியர் மில்லே வரைந்த ஓஃபீலியா, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்துப் பெண், இங்கேதான் இருக்கிறாள்: ஓடையில் பூவோடு மிதக்கிறாளே, அந்தப் படம். கரையில் இருக்கும் செடி கொடி எல்லாவற்றையும் 1851-ல் சர்ரேயில் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்துவிட்டு, பெண்ணை மட்டும் குளிர்காலத்தில் லண்டன் வீட்டில் குளியல் தொட்டித் தண்ணீரில் படுக்க வைத்து வரைந்தார். தொட்டிக்குக் கீழே வைத்த விளக்குகள் அணைந்துபோய், மாடலாக இருந்த எலிசபெத் சிடாலுக்கு நல்ல ஜலதோஷம் பிடித்து, அவள் அப்பா மருத்துவச் செலவுக்கு 50 பவுண்டு கேட்டு மில்லேயிடம் சண்டைக்குப் போனார். வாட்டர்ஹவுஸ் 1888-ல் வரைந்த படகுக்காரப் பெண், சார்ஜென்ட்டின் காகித விளக்கேற்றும் குழந்தைகள், பர்ன் ஜோன்ஸின் படிக்கட்டில் இறங்கும் பெண்கள் கூட்டம், எல்லாம் இதே கட்டடம். ஓவியம் மட்டும் போதும் என்பவருக்கு இதற்கு மேல் தேட வேண்டாம். ஒரே எச்சரிக்கை, ஓஃபீலியா அடிக்கடி வெளியூர்க் கண்காட்சிகளுக்குக் கிளம்பிவிடுவாள். அவளுக்காகவே போகிறீர்கள் என்றால் ஊரில் இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் அத்தை கேட்டது வேலைப்பாடு. நாற்காலி, டைல்ஸ், திரைச்சீலை, வால்பேப்பர், தட்டு, டம்ளர். இந்தக் காலத்தின் விசேஷமே அதுதான் என்று நானும் நினைக்கிறேன். சட்டம் போட்டு மாட்டும் படத்துக்கு இருந்த மரியாதை சுவரில் ஒட்டும் காகிதத்துக்கும் உண்டு என்று பிடிவாதம் பிடித்த ஆட்கள் நிறையப் பேர் இருந்த காலம். டேட்டில் அந்தப் பாதி கிடையாது.

அடுத்து வால்தம்ஸ்டோ. மனசளவில் எனக்கு இதுதான் நெருக்கம். வால்பேப்பரும் துணியும் டிசைன் செய்து பேர் வாங்கிய வில்லியம் மாரிஸின் குடும்பம் 1848 முதல் 1856 வரை குடியிருந்த வீடு, பின்னால் அகழியோடு ஒரு பூங்கா, 1950-ல் பிரதமர் அட்லி வந்து திறந்து வைத்த மியூசியம், 2013-ல் நாட்டின் சிறந்த மியூசியம் என்ற விருது வாங்கியது. இதுவும் இலவசம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், மூடியிருக்கும். சின்ன இடம், ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாக முடித்துவிடலாம், முழங்காலுக்கு உத்தமம்.

மாரிஸ் என்ற மனுஷனைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் இல்லை. அவருடைய முரண்பாடு முழுவதையும் ஒளிக்காமல் வைத்திருக்கிறார்கள். பொதுவுடைமைப் பிரசுரங்களைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் பேசப் போன தோள்பை ஒரு பக்கம். பணக்காரர் வீட்டு வரவேற்பறைக்கு என்று செய்த விலை உயர்ந்த சரக்கு இன்னொரு பக்கம். அவருக்கே அது உறுத்தியது, பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கு ஊழியம் செய்தே காலம் போகிறது என்று அவர் எரிந்து விழுந்த கதை பிரசித்தம். அதைவிடக் கசப்பான ஒன்று: குடும்பத்துச் சொத்து வந்ததே டெவனில் ஒரு செப்புச் சுரங்கத்துப் பங்குகளிலிருந்து. செம்பு குறையக் குறைய அந்தச் சுரங்கம் ஆர்சனிக் என்ற விஷத்தை எடுத்து விற்றது. அந்தக் காலத்து வால்பேப்பர்களில் கண்ணைப் பறிக்கும் பச்சை நிறம் பலவற்றில் ஆர்சனிக் உண்டு, மாரிஸின் ஆரம்ப காலத்து வால்பேப்பரையும் சேர்த்து. டாக்டர்கள் எச்சரித்தபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கைச் சாயம்தான் வேண்டும் என்று கைமணிக்கட்டு வரை நீலத்தில் முக்கிக்கொண்டு நின்ற அதே ஆள்!

அந்த நீலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1856-ல் பதினெட்டு வயசுப் பையன் ஒருவன், வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்குக் கொயினா செய்யப் போய்த் தற்செயலாக ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். அதிலிருந்து ரசாயனச் சாயங்கள் ஊரெல்லாம் பரவின. அந்த நிறங்களைக் கண்டாலே மாரிஸுக்கு ஆகாது. அவர் அவுரிக்கும் மஞ்சிட்டி வகை வேருக்கும் திரும்பினார். 1883-ல் வந்த ஸ்ட்ராபெரி திருடும் குருவிகள் துணி அப்படிச் செய்ததுதான். முதலில் துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் முக்கி நீலமாக்கி, எங்கே வெள்ளை வேண்டுமோ அங்கே வெளுப்பானை அச்சுக்கட்டையால் அடித்து நீலத்தைப் போக்கி, அப்புறம் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவார்கள். ஒரு துணி முடிய நாள்கணக்கில் ஆகும், விலையும் அப்படித்தான் இருந்தது. அத்தைக்கு இதைச் சொன்னவுடன் பிடித்துக்கொண்டார். "நம்ம கோரமண்டல் சீட்டித்துணில மெழுகு பூசி நீலம் ஏறாம தடுப்பான், இவன் ஏத்திட்டு அழிக்கிறான்" என்றார். அவ்வளவுதான் வித்தியாசம். சிவப்புக்கு நம் ஆட்கள் சாயவேரைப் பிடித்தார்கள், இவர்கள் இந்த வேரைப் பிடித்தார்கள். கரைக்குக் கரை பார்த்துப் பழகிய கலைதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் அங்கே போகவில்லை? தூரம் ஒன்று. விக்டோரியா லைன் டியூப் ரயிலில் கடைசி ஸ்டேஷன், இறங்கிப் பஸ்ஸோ நல்ல நடையோ. இன்னொன்று, அங்கே இருப்பது ஒரே ஆளின் கதை. மாரிஸின் மேல் ஏற்கனவே பைத்தியம் உள்ளவர்களுக்கும், குழந்தைகளோடு போய்ப் பூங்காவில் விளையாட விடுகிறவர்களுக்கும் முதல் இடம் அதுதான் என்பேன். வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரு நாள் வருகிறவருக்கு ஒரு காலமே கண்ணில் தெரிய வேண்டும்.

அப்படியானால் வி அண்ட் ஏ தானே என்பீர்கள். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள், காரணமும் உண்டு. 1851-ல் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகத்துச் சரக்கையெல்லாம் பரப்பிய பெரிய கண்காட்சியிலிருந்து பிறந்தது இந்த மியூசியம். 1852-ல் வேறு இடத்தில் தொடங்கி, 1857-ல் தென் கென்சிங்டனுக்கு வந்து, 1899-ல் ராணியே அடிக்கல் நாட்டி இப்போதைய பெயர் சூட்டியது. இங்கிலாந்துத் தொழிற்சாலைச் சாமான்கள் அழகில்லாமல் இருக்கின்றன, நல்லதைப் பார்த்தால்தான் நல்லது செய்வார்கள் என்ற கவலையில் பிறந்த இடம். அந்தக் கண்காட்சியில் ஐரோப்பியச் சரக்கைவிட இந்தியத் துணிகளின் வேலைப்பாடு எவ்வளவோ மேல் என்று இங்கேயே வடிவமைப்பாளர்கள் எழுதினார்கள். அத்தைக்கு இதில் சொந்தச் சம்பந்தம் வேறு. அவர் படித்த கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் சென்னையில் ஆரம்பித்த கலைப்பள்ளியாகத் தொடங்கியது, இந்த மியூசியத்தைவிட இரண்டு வயசு மூத்தது. பின்னால் இந்தியக் கலைப்பள்ளிகளுக்கெல்லாம் பாடமுறை வந்ததும் இந்தத் தென் கென்சிங்டன் வழியில்தான். "இலையைப் பார்த்து வரை, அப்புறம் இலையை டிசைனாக்கு, இதைத்தான் எங்களை மாடு மாதிரி செய்ய வெச்சாங்க" என்று அத்தை சொன்னபோது யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காம் தளத்தில் பிரிட்டிஷ் கேலரிகள் என்று இருக்கும், அதில் 118 முதல் 125 வரை எண்ணிட்ட அறைகளுக்கு நேராகப் போய்விடுங்கள். அதற்கு முன்னால் எதிலும் நிற்காதீர்கள், நின்றால் தொலைந்தீர்கள், கிலோமீட்டர் கணக்கில் காட்சிக்கூடம் உள்ள இடம் அது. அங்கே மாரிஸோடு சேர்த்து அவருக்கு நேர் எதிரான ஒருவரையும் பார்க்கலாம்: கிறிஸ்டபர் டிரெஸ்ஸர். தாவரவியல் படித்தவர், 1876-77-ல் ஜப்பான் போய் வந்தவர், மெஷினில் செய்வதில் என்ன கேவலம் என்று கேட்டவர். அவர் டிசைன் செய்த வெள்ளி முலாம் பூசிய பாத்திரங்களில் ஒரு பூ கிடையாது, கொடி கிடையாது. நேர்கோடு, கோணம், உருண்டை, அவ்வளவுதான். போன வாரம் கடையில் வாங்கியது என்று சொன்னால் நம்புவீர்கள். கட்டடக்கலைஞர் காட்வின் டிசைன் செய்த கறுப்பு அலமாரியும் அப்படித்தான், ஜப்பான் சாயல், வெறும் கட்டமும் வெற்றிடமும். விக்டோரியா காலம் என்றால் சுருள் சுருளாகச் செதுக்கி மேலே பொன் முலாம் பூசியது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பார்த்தாலே பாதி மாறிவிடுவார்கள்.

ஆனாலும் ஒரு குறை. கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்காலி, விளக்கு மங்கிய அறையில் துணி, சட்டத்துக்குள் ஒரு சாண் வால்பேப்பர். இதெல்லாம் வீட்டில் வைக்கச் செய்த பொருள்கள். சுவர் முழுக்க ஒட்ட வேண்டிய காகிதத்தை ஒரு துண்டு காட்டினால் எப்படி? கல்யாணச் சேலையின் ஓரத்தில் நாலு விரல் வெட்டிக் காட்டுகிற மாதிரி இருக்கிறது எனக்கு.

அதனால்தான் வி அண்ட் ஏ-யில் என்னைப் பொறுத்தவரை முதல் காட்சிப் பொருள் கேலரியில் இல்லை, கேண்டீனில் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உலகத்திலேயே மியூசியத்துக்குள் சாப்பாட்டு இடம் வைத்தது இவர்கள்தான் முதலில், 1860-களில், அடுத்தடுத்து மூன்று அறைகள். நடு அறை கேம்பிள் டிசைன் செய்தது, தூண்கள் முழுக்கச் சுட்ட பீங்கான், மின்டன் கம்பெனி வேலை, தீப்பிடிக்காது, துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும், சமையல் வாசனை ஒட்டாது. மேலே சுவரைச் சுற்றி, உண்பதும் குடிப்பதும் உழைப்பில் இன்பம் காண்பதும் தவிர மனிதனுக்கு மேலான ஒன்றில்லை என்று பைபிள் வசனம் பெரிய எழுத்தில். ஒரு பக்கத்து அறை பாயின்டருடையது, அதில் நீலமும் வெள்ளையுமாக இருக்கும் டைல்ஸ்களை வரைந்தவர்கள் கலைப்பள்ளி மாணவிகள். அந்தக் காலத்தில் அரசுக் கட்டடத்தில் பெண்களுக்கு அப்படி ஒரு வேலை கிடைப்பது சாதாரணமில்லை. இன்னொரு பக்கத்து அறை மாரிஸின் கம்பெனி செய்த பச்சை அறை. ஆரம்பித்து நாலைந்து வருஷம்கூட ஆகாத கம்பெனிக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள், கட்டடக்கலைஞர் ஃபிலிப் வெப் திட்டம் போட்டார், பர்ன் ஜோன்ஸ் பலகைகளுக்கும் ஜன்னல்களுக்கும் உருவங்கள் வரைந்தார், சுவரில் ஆலிவ் இலைகள் புடைப்பாக ஓடும், அதற்கு மேலே நாய்கள் முயலைத் துரத்தும். அதன் கீழே நீங்கள் உட்கார்ந்து ஸ்கோன் பிய்த்துத் தின்னலாம். அத்தனையும் அது அது இருந்த இடத்திலேயே, சுவரிலேயே, நூற்றைம்பது வருஷத்துக் காபி வாசனையோடு. ஆரம்ப காலத்தில் இங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தனித்தனி மெனு இருந்ததாம், ரயில் மாதிரி. இப்போது விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி கசக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு முடிவு தெளிவானது. வேலைப்பாடு வீட்டில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் இடம் எது? லெய்டன் ஹவுஸ்.

ஃபிரெட்ரிக் லெய்டன் ஓவியர், ராயல் அகாடமியின் தலைவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தைந்து வயசுகூட ஆகாதபோது வரைந்த படத்தை ராணி விக்டோரியா 600 கினி (ஒரு கினி பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே) கொடுத்து வாங்கினார், அதற்கப்புறம் ஏறுமுகம்தான். 1860-களின் நடுவில் ஜார்ஜ் ஐச்சிசன் என்ற கட்டடக்கலைஞரை வைத்து வீடு கட்ட ஆரம்பித்து, முப்பது வருஷம் கட்டிக்கொண்டே இருந்தார். வெளியே இருந்து பார்த்தால் செங்கல் வீடு, ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்தால் படிக்கட்டுப் பக்கம் பீங்கான் கலைஞர் டி மார்கன் சுட்ட மயில்நீல டைல்ஸ், ஒரு பதப்படுத்திய மயில், அதைத் தாண்டினால் அரபுக் கூடம். பொன் கவிந்த கூரை, நடுவில் தரையோடு தரையாக ஒரு நீரூற்று, சுவரெல்லாம் டமாஸ்கஸிலும் துருக்கியிலும் ஈரானிலும் இருந்து வந்த பழைய ஓடுகள். சில லெய்டனே பயணத்தில் வாங்கியது, சில நண்பர்கள் வாங்கி அனுப்பியது. உடைந்ததற்கும் குறைந்ததற்கும் டி மார்கன் ஈடு செய்து கொடுத்தார். சுற்றி வரும் மொசைக் பட்டை வால்டர் கிரேன் டிசைன். 1877-லிருந்து 1881 வரை இந்த ஒரு கூடத்துக்கே ஆனது. அடுத்தவன் ஊர்ப் பள்ளிவாசல் ஓட்டையும் வீட்டு ஓட்டையும் பெயர்த்து எடுத்து வந்து சாப்பாட்டுக்கு அப்புறம் சுருட்டுப் பிடிக்கிற அறையில் பதிப்பது எந்த நியாயம் என்ற கேள்வியும் வரும், வரத்தான் வேண்டும். அத்தை கேட்டார். கேட்டுவிட்டு அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

மேலே மாடியில் ஸ்டூடியோ, வடக்குப் பார்த்த ராட்சச ஜன்னல், மாடல்கள் விருந்தாளிகள் கண்ணில் படாமல் வந்து போகத் தனிப் படிக்கட்டு. இவ்வளவு பெரிய வீட்டில் எஜமானர் படுக்கையறை ஒன்றுதான், கட்டில் ஹாஸ்டல் கட்டில் மாதிரி. 1896 ஜனவரியில் அவருக்குப் பிரபுப் பட்டம் வந்தது, மறுநாள் செத்துப்போனார். வாரிசில்லை, பட்டமும் ஒரே நாளில் முடிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது இலவசம் இல்லை, ஆளுக்குப் பத்துப் பவுண்டுக்கு மேல் ஆகும். லெய்டன் இறந்ததும் உள்ளே இருந்த சாமான்கள் ஏலத்தில் போய்விட்டன, அதனால் நீங்கள் பார்க்கும் தட்டுமுட்டுகளில் பல பின்னால் தேடிப் பிடித்ததும் புதிதாகச் செய்ததும். சுவரும் தரையும் கூரையும் அசல். அவருடைய மிகப் பிரபலமான ஆரஞ்சு உடைப் பெண் படம் இங்கே கிடையாது, அது போர்ட்டோ ரீக்கோ மியூசியத்துக்குச் சொந்தம். 2022-ல் புதுப்பித்துத் திறந்த பிறகு லிஃப்ட் இருக்கிறது, காபி கிடைக்கிறது.

பத்து நிமிஷ நடையில் சாம்போர்ன் ஹவுஸ் என்று இன்னொரு வீடு உண்டு. பன்ச் பத்திரிகையின் கார்ட்டூனிஸ்ட் லின்லி சாம்போர்ன் 1870-களில் குடிவந்து வாழ்ந்தது, சாமான்கள் அப்படியே இருக்கின்றன. லெய்டன் வீட்டில் இல்லாதது அதில் இருக்கிறது: நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே உள்ள குடும்பம் சுவரில் ஓர் அங்குலம் விடாமல் படமும் தட்டும் மாட்டி, நடக்க இடமில்லாமல் நாற்காலி போட்டு வாழ்ந்த நெரிசல். கால் நன்றாக இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். சாம்போர்னுடையது நெட்டுக்குத்தான ஒடுக்கு வீடு, முழுக்கப் படிக்கட்டு. அதனால் எங்களுக்கு அது இல்லை என்றாகிவிட்டது.

கடைசியில் நாங்கள் செய்தது இது. வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம், அன்றைக்கு வி அண்ட் ஏ இரவு பத்து மணி வரை திறந்திருக்கும். காலையில் லெய்டன் ஹவுஸ், இரண்டு மணி நேரம். ஹை ஸ்ட்ரீட் கென்சிங்டனில் டியூப் பிடித்தால் இரண்டாவது ஸ்டேஷன் தென் கென்சிங்டன். மதியம் பச்சை அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, கால் ஆறிய பிறகு 118-லிருந்து 125 வரை. நேரம் இருந்தும் வேறு எதையும் பார்க்கவில்லை, திப்பு சுல்தானின் மரப்புலியைக்கூட. (அதற்காகவே போகிறவர்கள் இப்போது காட்சியில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) கடையில் மட்டும் அந்தக் குருவித் துணி அச்சடித்த பாத்திரம் துடைக்கும் துண்டு ஒன்று வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "அச்சு ஒரு பக்கம்தான் ஏறியிருக்கு" என்று என்னிடம் புகார் வேறு.

அரபுக் கூடத்தில் அந்த நீரூற்றுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, மாயவரத்து வீட்டு முற்றத்தில் மழை பெய்கிற சத்தம் மாதிரியே இருக்கிறது என்றார். முற்றத்தை மூடி கான்கிரீட் போட்டது என் அப்பாதான், 1994-ல். நான் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி வருகிறாராம், இந்தத் தடவை டேட்டுக்கு. ஓஃபீலியா அப்போது ஊரில் இருப்பாளா என்று விசாரித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார், டிக்கெட் போடுவதற்கு முன்னால்.